மனநல ஆலோசனை அறைக்குள் நுழையுமுன்

2023 ஆகஸ்ட் 9 இரவு, கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழக முதன்மை விடுதியின் மாடியிலிருந்து முதலாண்டு மாணவர் ஒருவர் விழுந்தார். மறுநாள் காலை மருத்துவமனையில் உயிரிழந்தார். அவர் விடுதிக்கு வந்து சில நாட்களே ஆகியிருந்தன. ராகிங் கொடுமையில் தொடர்புடையவர்கள் என்று மாணவர்களும், படிப்பை முடித்த பின்னரும் விடுதியை விட்டு வெளியேறாத முன்னாள் மாணவர்களுமாகப் பலர் கைது செய்யப்பட்டனர். அதன்பின் எழுந்த வாதங்கள் நாடறிந்தவை. கண்காணிப்புக் கேமரா வேண்டுமா, முதலாண்டு மாணவர்க்குத் தனி விடுதி எங்கே, துணைவேந்தர் நியமனத்தில் ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் நடக்கும் பூசலில் வளாகம் சீரழிய வேண்டுமா என்றெல்லாம் பேசப்பட்டது. இடதுசாரி மாணவர் அமைப்புகள் மீது சேறு வீச வலதுசாரிகளுக்கும் அது நல்வாய்ப்பாயிற்று. இத்தனை பூசலுக்கிடையே எத்தரப்பும் மறுக்காத சொல் ஒன்று இருந்தது. அது 'கவுன்சிலிங்'. மாணவர்களுக்குக் கவுன்சிலிங் கொடுக்க வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். யார் கொடுப்பது, எந்த அறையில், அங்கே போனால் என்ன நடக்கும் என்று விளக்கியவர்கள் மிகச் சிலரே.

ஆங்கிலத்தில் வரும் கட்சி ஆவணங்களைத் தமிழாக்குவது பல்லாண்டுகளாக என் பணி. எல்லாரும் ஏற்கும் சொல்லைச் சற்று ஐயத்தோடு நோக்குவது இத்தொழிலில் படியும் பழக்கம். தமிழ்நாட்டில் 'கவுன்சிலிங்' என்றால் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கை. ஆசிரியர் வீடுகளில் பணியிட மாறுதல். 'மனநல ஆலோசனை' என்று எழுதினால், யாரோ ஒருவர் நமக்கு அறிவுரை வழங்கப் போகிறார் என்ற பொருள் தொனிக்கிறது. 'உளவியல் சிகிச்சை' என்றாலோ மின்னதிர்ச்சியும் பூட்டிய கதவும் கண்முன் வருகின்றன. அந்த அச்சத்தை வளர்த்ததில் நம் திரைப்படங்களுக்குப் பெரும் பங்குண்டு. பொருத்தமான சொல் இன்னும் அமையவில்லை என்பது உண்மை. ஆயின் சொல்லைக் காட்டிலும் செயலைப் பற்றிய அறியாமையே பெரிய தடை. பல் மருத்துவரிடம் போனால் என்ன செய்வார் என்று ஊரறியும். மனநலச் சிகிச்சையாளரின் முதல் ஒரு மணி நேரம் எப்படிக் கழியும் என்பது படித்தவர்க்கும் தெரியாது. தெரியாத அறைக்குள் துணிந்து நுழைய ஓரளவு வசதியும் ஆங்கிலமும் வேண்டியிருக்கிறது. உழைக்கும் மக்களின் பிள்ளைகள் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றிய அறிவைப் பொதுவுடைமையாக்குவதும் அரசியல் வேலைதான்.

நம் இயக்கத்திலேயே இதற்கொரு மறுப்பு உண்டு. சுரண்டல் ஒழியாமல் துயரம் ஒழியாது. துயருற்றவனைத் தனியறையில் உட்கார்த்திப் பேசவைப்பது சமூகப் பிணியைத் தனிமனிதப் பிணியாக்கும் முதலாளித்துவ உத்தி என்பது அது. இதில் பாதி சரி. 2024 செப்டம்பரில், புனேயில் பன்னாட்டுத் தணிக்கை நிறுவனமொன்றில் பணியாற்றிய இளம்பெண்ணின் மரணம் பேசுபொருளாகியிருந்த வேளையில், ஒன்றிய நிதியமைச்சர் சென்னையில் ஒரு தனியார் கல்வி நிறுவன விழாவில் பேசினார். மன அழுத்தத்தைத் தாங்கும் வலிமையைக் குடும்பங்கள் கற்பிக்க வேண்டும், அவ்வலிமை தெய்வ நம்பிக்கையால் கிட்டும் என்பது அவர் பேச்சின் சாரம். வேலை நேரத்தைப் பற்றியோ தொழிலாளர் சட்டத்தைப் பற்றியோ பேசவேண்டிய இடத்தில் வந்த பேச்சு அது. அதே ஆண்டின் பொருளாதார ஆய்வறிக்கை மனநலத்துக்குப் பக்கங்கள் ஒதுக்கியதும் உற்பத்தித்திறன் குறைகிறதே என்ற கவலையோடுதான். இத்தகைய மனநலப் பேச்சை எதிர்ப்பது சரியே.

மற்றப் பாதி தவறு. அத்தவற்றைப் புரிந்துகொள்ள ஜாதவ்பூரிலேயே ஓர் இடம் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு அருகிலுள்ள காசநோய் மருத்துவமனை அது. வங்கப் பொதுவுடைமைக் கவிஞர் சுகாந்த பட்டாச்சார்யா 1947 மே 13 அன்று அங்கேதான் காசநோயால் இறந்தார். வயது இருபது. காசநோய் வறுமையின் நோய், நெரிசலின் நோய், பஞ்சத்தின் நோய் என்பதை அவருடைய தோழர்கள் நம்மைவிட நன்கறிவர். அதனால் 'புரட்சி வரட்டும், நுரையீரல் தானே ஆறும்' என்று எவரும் அவரிடம் சொல்லவில்லை. மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். அன்று காசநோயும் குடும்பங்கள் மறைத்த நோய்தான். பெண் கொடுக்க மாட்டார்கள், வாடகைக்கு வீடு தரமாட்டார்கள். நுரையீரலுக்குப் பொருந்திய நியாயம் மனத்துக்கு ஏன் பொருந்தாது?

ஃபிரான்ஸ் ஃபனானை நம்மவர் அடிக்கடி மேற்கோள் காட்டுவர். அவர் மனநல மருத்துவர் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். 1953 முதல் அல்ஜீரியாவின் பிளிடா மருத்துவமனையில் பணியாற்றியவர், காலனிய அமைப்புக்குள் இருந்தபடி மனங்களைக் குணப்படுத்த இயலாது என்று கருதி 1956இல் விலகினார். விலகி, விடுதலைப் போரில் இணைந்தார். ஆனால் நோயாளிகளைக் கைவிடவில்லை. துனிசில் அவர்களைத் தொடர்ந்து பார்த்துவந்தார். கொல்கத்தாவுக்கும் இத்துறையில் நீண்ட மரபுண்டு. ஃபிராய்டோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்த கிரீந்திரசேகர் போஸ் 1922இல் அங்கே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். லும்பினி பார்க் மனநல மருத்துவமனை 1940இல் தோன்றியது. ரித்விக் கட்டக் 1969இல் கொப்ரா மனநல மருத்துவமனையில் இருந்தபோது ஒரு நாடகம் எழுதி, உடனிருந்த நோயாளிகளைக் கொண்டே மேடையேற்றினார். மனநலத்தைப் பற்றிப் பேசுவது அயல்நாட்டு மோகம் என்போர் இவற்றை எண்ணிப்பார்க்கலாம்.

இனி அறைக்குள் செல்வோம்.

முதலில் யாரிடம் போகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். மனநல மருத்துவர் என்பவர் மருத்துவம் படித்து, மனநலத்தில் மேற்படிப்பு முடித்தவர். மருந்து எழுதித் தரக்கூடியவர். மருத்துவ உளவியலாளர் மருந்து தரமாட்டார். பேச்சின் வழியும் பயிற்சிகளின் வழியும் சிகிச்சை அளிப்பார். அவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். 'ஆலோசகர்' என்ற பலகைக்குக் கீழே அமர்ந்திருப்பவர் முதுகலை உளவியல் படித்தவராகவும் இருக்கலாம். இரண்டு வார இணையவழிச் சான்றிதழ் வாங்கியவராகவும் இருக்கலாம். என்ன படித்தீர்கள், பதிவு எண் என்ன என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. முறையாகப் பயின்றவர் தயங்காமல் சொல்வார். தயங்கினாலோ சினந்தாலோ அதுவே நமக்கு விடை.

போகுமுன் ஒரு தாளில் நான்கைந்து வரி எழுதிக்கொள்வது நல்லது. என்ன துன்பம், எப்போது தொடங்கியது, உறக்கமும் பசியும் எப்படி, அன்றாட வேலையில் எது முடியாமல் போயிற்று, ஏன் இப்போது உதவி தேடுகிறோம் என்பவை போதும். உண்ணும் மாத்திரைகளின் அட்டைகளையும் பழைய மருந்துச் சீட்டுகளையும் கையோடு கொண்டுசெல்ல வேண்டும். தைராய்டுக் குறைபாடும் இரத்தசோகையும் மனச்சோர்வு போலவே தோன்றுவதுண்டு. ஆகவே இரத்தப் பரிசோதனை எழுதித் தந்தால் வியக்க வேண்டாம். துணைக்கு ஒருவர் வரலாம், ஆனால் அறைக்குள் சிறிது நேரமாவது தனியே பேசும் வாய்ப்பைக் கேட்டுப் பெற வேண்டும். குறிப்பாகப் பெண்கள். கணவரோ மாமியாரோ அருகில் அமர்ந்து விடை சொல்லும் இடத்தில் சிகிச்சை நடக்காது.

அமர்வு ஏறத்தாழ முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். முதல் நாளில் சிகிச்சை என்று நாம் கற்பனை செய்வது எதுவும் அநேகமாக நடக்காது. கேள்விகளே மிகுதி. குடும்பம், படிப்பு, வேலை, கடன், உடல்நோய், குடிப்பழக்கம், முன்பு இப்படி இருந்ததா, வீட்டில் வேறு யாருக்கேனும் இருந்ததா என்று கேட்பார். மூலநூலை ஒருமுறை முழுதும் படிக்காமல் மொழிபெயர்ப்பைத் தொடங்கலாகாது. அவர் செய்வதும் அந்த முதல் வாசிப்பே. சாய்வு நாற்காலி, ஊசலாடும் கடிகாரம், அறிதுயில் எல்லாம் திரைப்படத்துக்கு உரியவை. எதிரெதிரே இரண்டு சாதாரண நாற்காலிகள் இருக்கும். அரசு மருத்துவமனையாயின் மூன்றாவது நாற்காலியில் பயிற்சி மருத்துவர் ஒருவரும் இருக்கக்கூடும்; அவர் இருப்பது உங்களுக்குத் தடையாயிருந்தால் சொல்லலாம்.

ஒரு கேள்வியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். செத்துவிடலாம் என்று தோன்றியதுண்டா என்று கேட்பார். இது உங்கள் மீதுள்ள ஐயத்தால் எழும் கேள்வியன்று, அனைவரிடமும் கேட்கப்படுவது. கேட்பதால் அவ்வெண்ணம் விதைக்கப்படுவதில்லை. உண்மையைச் சொன்னால் காவல்துறை வரும், கட்டிவைத்து ஊசி போடுவார்கள் என்ற அச்சமும் தேவையற்றது. மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017இன் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரையே கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும் என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் சொல்கிறது. எண்ணம் மட்டும் உடையவர் அஞ்ச வேண்டியது ஒன்றுமில்லை. அவரைப் பாதுகாப்பாக வைத்திருக்கும் வழிகளைச் சிகிச்சையாளர் அவரோடு சேர்ந்தே வகுப்பார்.

எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லித் தீர்க்க வேண்டியதில்லை. 'இதைப் பற்றி இன்று பேச இயலாது' என்பதும் முழுமையான விடையே. அழுகை வரலாம், மேசையில் தாள் கைக்குட்டைகள் வைத்திருப்பது அதற்காகத்தான். சிலருக்கு அழுகை வராது, பேச்சே வராது. அந்த மௌனத்தையும் அவர் பொறுத்திருப்பார். வீடு திரும்புகையில் பாரம் குறைந்தாற்போல் இருக்கலாம், கூடியதைப் போலவும் இருக்கலாம். ஆறிய புண்ணைத் தொட்டது போன்ற வலி முதல் அமர்வுக்குப் பின் பலருக்கும் உண்டு. அன்று மாலை கூட்டமோ இரவுப் பணியோ வைத்துக்கொள்ளாமலிருப்பது நலம். இரண்டு மூன்று அமர்வுகளுக்குப் பிறகும் இவரோடு பேச முடியவில்லை என்று தோன்றினால் வேறொருவரை நாடலாம். அது நன்றி கெட்ட செயலன்று.

இரகசியம் பற்றிய ஐயமே நம் தோழர்கள் பலரைத் தடுப்பது. இச்சட்டத்தின் 23ஆம் பிரிவு, மனநலம் குறித்த தகவல்களின் இரகசியத்தை உரிமையாகவே வழங்குகிறது. விதிவிலக்குகளும் உண்டு. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து இருந்தால், நீதிமன்றம் கேட்டால், குழந்தை மீதான பாலியல் வன்முறை தெரியவந்தால் அவர் வெளியே சொல்லியாக வேண்டும். 18 வயது நிறையாதவர் என்றால் பெற்றோரின் பங்கேற்பு தேவைப்படும். கல்லூரி முதலாண்டில் 17 வயதினர் பலர் உள்ளமையால் இதை நினைவிற்கொள்ள வேண்டும். நல்ல சிகிச்சையாளர் இந்த எல்லைகளை முதல் பத்து நிமிடங்களுக்குள் தாமே கூறுவார். கூறாவிடில் நாம் கேட்க வேண்டும்.

கல்வி நிறுவன ஆலோசகரிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். நான் இங்கு வந்ததும், இங்கு சொன்னதும் விடுதிக் காப்பாளருக்கோ துறைத்தலைவருக்கோ போகுமா? ஜாதவ்பூரை நினைத்தே இதைச் சொல்கிறேன். ராகிங்குக்கு உள்ளான மாணவர்க்கு ஆலோசனையும் வேண்டும், புகார் அளிக்கும் வழியும் வேண்டும். முன்னதைக் கொடுத்துப் பின்னதை மழுங்கடிப்பது நிர்வாகங்களுக்கு வசதியான தந்திரம். 'நீ சற்று மென்மையானவன், தாங்கிக்கொள்ளப் பழகு' என்று ஓர் ஆலோசகர் சொன்னால், அவர் நிர்வாகத்தின் வேலையைச் செய்கிறார் என்று பொருள். ராகிங் குற்றம். அதற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் உதவி எண் 1800-180-5522 தனியே இருக்கிறது.

மாணவர் அமைப்புகளும் சிந்திக்க வேண்டும். 2014 செப்டம்பரில் வளாகத்துக்குள் காவல்துறை ஏவப்பட்டபோது 'ஹோக் கலரப்', அதாவது 'ஆரவாரம் எழட்டும்' என்று முழங்கி, சில மாதங்களில் துணைவேந்தரைப் பதவி விலக வைத்த பல்கலைக்கழகம் ஜாதவ்பூர். அந்த முழக்கம் எட்டாத ஓர் அறை அதே வளாகத்தின் விடுதியில் இருந்திருக்கிறது. அச்சத்தில் இருப்பவன் ஊர்வலத்துக்கு வருவதில்லை. அவனிடம் யாராவது போய்க் கேட்க வேண்டும்.

கேட்பது என்பதே நம் பண்பாட்டில் அரிதோ என்று சில வேளை தோன்றுகிறது. அகப்பாடல்களில் வெறியாட்டு என்றொரு துறை உண்டு. காதலால் மெலிந்த மகளைக் கண்டு தாய் கலங்குவாள். முருகனால் வந்த துயரென்று எண்ணி வேலனை அழைத்து ஆடவைப்பாள், ஆட்டுக்குட்டி பலியாகும். மகளை உட்காரவைத்து என்னவென்று கேட்டால் முடிந்தது காரியம், அது நடப்பதில்லை. உண்மை தெரிந்தவள் தோழி மட்டுமே. வேலன் இன்றும் பல ஊர்களில் தொழில் செய்துகொண்டுதான் இருக்கிறார். கொஞ்சம் நவீன உடையில், 'பாசிட்டிவாக இருங்கள்' என்று மேடைகளிலும் பேசுகிறார்.

மொழியையும் சாதியையும் இங்கே ஒதுக்கிவிட முடியாது. கொல்கத்தாவில் படிக்கும் தமிழ் மாணவர்க்கு வங்காளியும் இந்தியும் ஆங்கிலமும்தான் கிடைக்கும். கணிதத்தை ஆங்கிலத்தில் சொல்லலாம். அம்மாவின் மீதுள்ள கோபத்தை அப்படிச் சொல்ல வருமா? 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் தொலைபேசிச் சேவை, 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி, தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில், இரவும் பகலும் கிடைக்கிறது. முதல் அமர்வுக்கு முந்தைய படியாக அதைப் பயன்படுத்தலாம். உயிரைப் பற்றிய எண்ணம் அழுத்தும் நேரத்தில் காத்திருக்காமல் அழைக்க வேண்டிய எண்ணும் அதுவே. சாதியைப் பொறுத்தவரை, 2016இல் ஐதராபாத்தில் ரோகித் வெமுலா இறந்தபின் எவரும் தெரியாதென்று சொல்ல முடியாது. வகுப்பில் பட்ட அவமானத்தை ஒரு தலித் மாணவர் சொல்லும்போது 'இக்காலத்தில் சாதி எங்கே இருக்கிறது, நீங்களாகக் கற்பித்துக்கொள்கிறீர்கள்' என்று சிகிச்சையாளர் கூறினால், எழுந்து வந்துவிடலாம். தன்பால் ஈர்ப்பை 'மாற்றித் தருகிறேன்' என்பவரிடமும் அவ்வாறே. அத்தகைய மாற்றுச் சிகிச்சையைத் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் தொழில்முறைத் தவறென அறிவித்திருக்கிறது. அதற்குக் காரணமான சென்னை உயர் நீதிமன்ற வழக்கில் ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021இல், தமக்கு இப்பொருளில் போதிய புரிதல் இல்லை என்று நீதிமன்ற ஆணையிலேயே எழுதி, ஓர் உளவியலாளரிடம் நேரம் பெற்று அமர்ந்து பேசி, அதன்பின் ஆணை பிறப்பித்தார். உயர் நீதிமன்ற நீதிபதி உளவியலாளரின் அறைக்குச் செல்வதில் இழுக்கு இல்லையென்றால் கிளைச் செயலாளர் செல்வதில் மட்டும் என்ன இழுக்கு?

இவ்வளவையும் அறிந்து ஒருவர் புறப்பட்டாலும், போய்ச்சேர இடம் வேண்டுமே! 2015-16ஆம் ஆண்டு தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, நோய்க்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை கிட்டவில்லை. ஒரு இலட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை, 0.75தான். ஒன்றிய அரசின் நலவாழ்வு நிதியில் மனநலத்தின் பங்கு சுமார் ஒரு விழுக்காடு. அதிலும் பெரும்பகுதி பெங்களூரு, தேஜ்பூர் ஆகிய இரு நிறுவனங்களுக்கே போய்விடுகிறது. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தொடங்கியது. இன்றும் மாவட்ட மருத்துவமனையில் மருந்து கிடைக்கலாம், உட்கார்ந்து பேச ஆள் கிடைப்பது அரிது. தனியாரிடம் ஓர் அமர்வுக்கான கட்டணம் கட்டடத் தொழிலாளியின் ஒரு நாள் கூலியையும் மிஞ்சும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022இல் தற்கொலையால் இறந்த 1,70,924 பேரில் மாணவர்கள் 13,044. தினக்கூலிகளோ நான்கில் ஒருவருக்கும் மேல். தொலைபேசிவழிச் சிகிச்சையே தீர்வு என்பவர்கள், ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேருக்கு நடுவே ஒருவர் எப்படி மனந்திறந்து பேசுவார் என்பதையும் சொல்ல வேண்டும்.

மேற்கு வங்கத்தைச் சேர்ந்த மாணவி ஒருவர் விசாகப்பட்டினத்தில் நுழைவுத்தேர்வுப் பயிற்சிக்குச் சென்ற இடத்தில் இறந்தார். அவருடைய தந்தை தொடுத்த வழக்கில் 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மனநலத்தை வாழ்வுரிமையின் பகுதியாக ஏற்றது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும், உதவி எண்களை விடுதிகளிலும் வகுப்பறைகளிலும் எழுதிவைக்க வேண்டும் என்றது. ஆணை காகிதத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் நம் மாணவர், ஆசிரியர் தோழர்கள் தத்தம் கல்லூரியில் அந்தப் பலகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அதில் ஆலோசகரின் பெயர், படிப்பு, பதிவு எண், அறை, நேரம், அவர் பேசும் மொழிகள், அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்னும் ஏழும் எழுதப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் முதல்வரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளுக்கும் இதே ஆணை ஏன் பொருந்தாது என்பதை நம் தொழிற்சங்கங்கள் அடுத்த ஊதியப் பேச்சுவார்த்தையின் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கலாம்.